தொட்டிப் பாசி மருந்துக்கு அரசுக் கட்டுப்பாடு உண்டா? காட்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். காட்பாடியில் வீடு. 60 லிட்டர் கண்ணாடி மீன் தொட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, செர்ரி இறால் என்னும் குட்டி அலங்கார இறால் ஐம்பது வளர்த்தீர்கள். நத்தையும் கறுப்புத் தாடிப் பாசியும் பெருத்துவிட்டன. கடையில் கேட்டதும் வெளிர்நீலத் திரவம் ஒரு பாட்டில் கொடுத்து, “ஒரு மூடி ஊத்துங்க, நத்தையும் போகும் பாசியும் போகும்” என்றார்கள். ஊற்றினீர்கள். மறுநாள் காலை ஒரு இறால்கூட மிஞ்சவில்லை. பாட்டிலில் பெயரும் ஒரு மீன் படமும் தவிர வேறொன்றும் இல்லை. இதையெல்லாம் கேட்க யாருமே இல்லையா, புகார் எங்கே கொடுப்பது என்று கேட்கிறீர்கள். கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: நீங்களும் நண்பரும் சேர்ந்து ஒரு நல்ல பாசி மருந்து கலந்து பாட்டிலில் அடைத்து விற்றால் லைசென்ஸ் வேண்டுமா?

குடியாத்தத்தில் 22 வருஷம் உரமும் பூச்சிமருந்தும் விற்றவன் நான். வீட்டில் நான்கு தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கட்டுப்பாடு இருக்கிறது. வலுவான சட்டமே இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டில் அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவாவதில்லை. எதற்காக என்று சொல்லி விற்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. உங்கள் பாட்டிலில் எழுத்தே இல்லாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதற்கான விதிகள் 1971இல் வந்தன. பெயர்தான் பூச்சிக்கொல்லி. பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் அதற்குள் அடக்கம். சட்டத்தின் பின்னால் நீளமான ஒரு அட்டவணை உண்டு. எந்தெந்த ரசாயனம் பூச்சிக்கொல்லியாகக் கருதப்படும் என்று அதில் பெயர் பெயராகப் போட்டிருக்கிறார்கள். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், அதில் இருக்கிறது. அப்புறம் 38ஆம் பிரிவு. அட்டவணையில் உள்ள பொருளாகவே இருந்தாலும், பூச்சி, எலி, பூஞ்சை, களை, மனிதனுக்குப் பயன்படாத மற்ற செடி கொடி உயிரினங்கள் இவற்றைத் தடுக்கவோ அழிக்கவோ விரட்டவோ அல்லாமல் வேறு காரியத்துக்கானது என்றால் இந்தச் சட்டம் அதைத் தொடாது என்கிறது அந்தப் பிரிவு.

இதை மயில்துத்தத்தை வைத்தே பாருங்கள். பள்ளிக்கூட லேபில் அது உப்பு. முலாம் பூசும் பட்டறையில் அது ஒரு மூலப்பொருள். தென்னையில் குருத்தழுகலுக்குச் சுண்ணாம்போடு கலந்து போர்டோ பசையாகத் தடவும்போது பூஞ்சைக்கொல்லி. அதே நீலக் கல்லைத் தண்ணீரில் கரைத்து ‘நத்தை சாகும், பாசி ஒழியும்’ என்று சொல்லி விற்றால், பயன்படாத உயிரை அழிக்கும் பொருள் என்று ஆகிவிடுகிறது. அப்போது பதிவு வேண்டும். ‘தண்ணீர் தெளிவாகும்’ என்று மட்டும் எழுதிவிட்டால்? கேள்வி கேட்க வேண்டியவருக்குப் பிடி கிடைக்காது. பாட்டிலில் எதையும் எழுதாமல், கடைக்காரர் வாயால் மட்டும் சொன்னால் பிடி இன்னும் நழுவும். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

அதே 38ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தன் சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் பயன்படுத்தினால் அதற்கும் சட்டம் பொருந்தாது. ஆகவே உங்கள் தொட்டியில் நீங்கள் ஊற்றியது குற்றமில்லை. விற்பதற்குத்தான் கட்டுப்பாடு.

பதிவு என்றால் ஏதோ ஒரு ரப்பர் ஸ்டாம்பு என்று நினைத்துவிடக்கூடாது. ஃபரீதாபாத்தில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் அதன் பதிவுக் குழுவும் இருக்கின்றன. தயாரிப்பவர் தன் சரக்கு சொன்ன வேலையைச் செய்கிறது, மனிதனுக்கும் கால்நடைக்கும் சுற்றுப்புறத்துக்கும் இவ்வளவுதான் ஆபத்து என்று தரவுகளோடு அங்கே காட்ட வேண்டும். நிரூபிக்கிற பொறுப்பு விற்பவன் தலையில். வாங்கினவன் தன் இறாலைச் செலவழித்து நிரூபிக்கத் தேவையில்லை. பதிவின் உயிரே இதில்தான் இருக்கிறது.

இதன் பலன் எப்படி இருக்கும் என்று பார்க்க வீட்டில் கொசுவுக்கு மாட்டும் ரீஃபில் பாட்டிலையோ அதன் அட்டையையோ கையில் எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருந்தின் பெயர் இருக்கும், எத்தனை சதவீதம் என்று இருக்கும், சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். முனையில் நிறுத்திய ஒரு சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு நிறம். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தச் சதுரம் இருக்க வேண்டும் என்பதுவரை விதியில் எழுதியிருக்கிறது. கூடவே ஒரு துண்டுத்தாள் வரும். எவ்வளவு ஊற்றுவது, உடம்பில் பட்டால் என்ன ஆகும், முதலுதவி என்ன, மாற்று மருந்து என்ன என்று அதில் இருக்க வேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும். என் கடையில் தாத்தாக்கள் அந்தத் தாளைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு சின்னக் கொசு மருந்துக்கே இவ்வளவு எழுத்து. இப்போது உங்கள் நீலப் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கான நத்தை, பாசி மருந்துப் பாட்டில்களை இத்தனை வருஷமாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். அப்படி ஒரு பதிவெண்ணை நான் பார்த்ததில்லை.

என் கடைக்கு இருந்த கட்டுகளையும் சொல்கிறேன், வித்தியாசம் தெரியும். வேளாண்மைத் துறை உரிமம். ஒவ்வொரு கம்பெனியிடமும் பிரின்சிபல் சர்டிபிகேட், அதாவது தன் சரக்கை விற்க நமக்கு அனுமதி தரும் சான்று, வாங்கி உரிமத்தில் சேர்க்க வேண்டும். இருப்புப் பதிவேடு தினமும் எழுத வேண்டும். காலாவதியான சரக்கைத் தனியாக ஒதுக்க வேண்டும். ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்தால் சோதனைக் கூடத்துக்குப் போகும். பெரிய டப்பாவைப் பிரித்துச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது. ஒரு ஏக்கர் கத்தரி வைத்திருக்கிறவர் வந்து, “கால் லிட்டர்தான் வேணும், லூஸா கொடுங்க” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். மறுத்திருக்கிறேன். லேபிள் இல்லாத பாட்டில் ஒரு வீட்டுக்குள் போனால் நாளைக்கு அதைக் குழந்தை எடுத்துக் குடிக்கும். டாக்டர் ‘என்ன குடித்தது’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இப்போது புதிதாகக் கடை வைக்க வேளாண்மை, வேதியியல், தாவரவியல், விலங்கியல் மாதிரி ஒரு படிப்பே வேண்டும் என்று விதி வந்துவிட்டது. என்னைப் போன்ற பழைய ஆட்கள் 12 வாரப் பயிற்சிக்குப் போக வேண்டியதாயிற்று. போனேன், பயனாகத்தான் இருந்தது.

மீன் கடைக்கு இதில் எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஆய்வாளர்களின் கவனமெல்லாம் வயலில் இருக்கிறது. அது நியாயம்தான், சாப்பிடும் பொருள் அங்கே விளைகிறது. ஆனால் அதே ரசாயனம் கண்ணாடித் தொட்டிக்கு வரும்போது மட்டும் யார் கண்ணிலும் படாமல் போவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, பூச்சிக்கொல்லிச் சட்டம் முதல் வாசல். இரண்டாவது வாசலுக்கு வருவோம். பாசிக்கும் நத்தைக்கும் இல்லாமல், மீனின் நோய்க்கு என்று சொல்லி விற்றால் அது மருந்து. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ‘மருந்து’ என்பதற்குள் விலங்குகளுக்கு உள்ளேயோ வெளியேயோ கொடுப்பதும் வருகிறது. மீனும் விலங்குதானே. ஆகவே வெள்ளைப் புள்ளிக்கு, வால் அழுகலுக்கு என்று எழுதி விற்கும் மெத்திலீன் புளூ என்னும் நீல மருந்தும் மாலகைட் கிரீன் என்னும் பச்சை மருந்தும் நியாயப்படி மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வர வேண்டியவை. டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் தட்டுகிறார்களே, அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சரக்கு. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடும்போது மருந்துக்கு மசியாத கிருமியை நாமே வளர்க்கிறோம். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள்.

மூன்றாவது வாசல்தான் அகலமானது. தண்ணீர் பதப்படுத்தி, செடி ஊட்டம், ‘திரவக் கார்பன்’ என்று சொன்னால் பூச்சிக்கொல்லியும் இல்லை, மருந்தும் இல்லை. பொட்டலப் பொருள் விதியும் நுகர்வோர் சட்டமும் மட்டும்தான். இந்தத் திரவக் கார்பனில் பலவற்றின் சாரம் குளுட்டரால்டிஹைடு. செடிக்குக் கார்பன் என்று எழுதியிருப்பார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பாசியைக் கொல்லத்தான் வாங்குகிறார்கள், கடைக்காரருக்கும் அது தெரியும். லேபிளில் ‘பாசி’ என்ற வார்த்தை மட்டும் இருக்காது.

வேலூர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. நம்முடையது ஆஸ்பத்திரி ஊர். எண்டோஸ்கோப்பி குழாய்களைக் கிருமி நீக்க வைத்திருக்கும் 2 சதவீதச் சொச்சம் குளுட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரிச் சாமான் கடைகளில் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கிறது. மீன் கடை பாட்டிலை விட மிகவும் மலிவு என்று வாங்கி, பழைய தண்ணீர் பாட்டிலில் பிரித்து நண்பர்களுக்குக் கொடுக்கிற பையன்களை எனக்குத் தெரியும். தம்பி, அந்தத் திரவத்தின் ஆவியில் வேலை பார்த்தே நர்சுகளுக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. அதனால் ஆஸ்பத்திரிகளில் அதைக் காற்றோட்டமுள்ள தனி அறையில், கையுறை போட்டுக்கொண்டுதான் கையாள வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதைப் படுக்கையறைத் தொட்டி ஓரம் மூடி கழன்ற பாட்டிலில் வைப்பது பெரிய தப்பு.

வெளிநாட்டில் எப்படி என்று தெரிந்தால் நம் ஓட்டை எங்கே என்று புரியும். அமெரிக்காவில் நோக்கமே அளவுகோல். எந்தப் பொருளானாலும் சரி, ஒரு தொல்லை உயிரைக் கொல்ல என்று சொல்லி விற்றால் அது பூச்சிக்கொல்லி, பாசியும் தொல்லை உயிர்க் கணக்கில் வரும். தொட்டிப் பாசி மருந்து விற்கிற கம்பெனி அங்கே இ.பி.ஏ. என்னும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவு செய்து, அந்த எண்ணையும் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் லேபிளில் போட்டாக வேண்டும். ஐரோப்பாவில் 2012ஆம் ஆண்டின் 528ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது, 2013 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. உயிர்க்கொல்லிப் பொருட்களை அது வகை வகையாகப் பிரிக்கிறது. இரண்டாவது வகையின் விளக்கத்திலேயே நீச்சல் குளம், மீன் தொட்டி ஆகியவற்றுக்கான பாசிக்கொல்லி என்று பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். நம் சட்டத்தில் அட்டவணைப் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும், அழிக்கும் நோக்கமும் இருக்க வேண்டும். பட்டியலில் ஏறாத ரசாயனமானால் நோக்கம் பட்டவர்த்தனமாக இருந்தாலும் நழுவலாம். சட்டம் எழுதிய 1968இல் வயலும் கொசுவும்தான் கண் முன்னால் இருந்திருக்கும். இன்று மீன் கடை இல்லாத பஜார் இல்லை. தொட்டியையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

சென்னையில் அலங்கார மீன் சந்தையான கொளத்தூர் வழியாக இங்கே வரும் வெளிநாட்டுப் பாட்டிலில் இ.பி.ஏ. எண் இருந்தால் அது இந்தியப் பதிவு ஆகாது. ஆனாலும் உள்ளே என்ன, எவ்வளவு என்று நமக்குத் தெரிகிறது. தேடிப் படிக்கலாம், இறாலுக்கு ஆகுமா என்று பார்க்கலாம். நீலப் பாட்டிலில் அந்த வழியே அடைபட்டுப் போகிறது.

இன்னொரு எச்சரிக்கை. தங்கமீன் உடம்பில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும் மீன் பேனுக்கும் நங்கூரப் புழுவுக்கும் பழைய வளர்ப்பாளர்கள் டைக்குளோர்வாஸ், டிரைக்குளோர்ஃபான் ஊற்றிப் பழகியவர்கள். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு 18 பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டபோது இந்த இரண்டும் அதில் இருந்தன. 2020 டிசம்பர் 31 முதல் இவற்றை விற்கவோ பயன்படுத்தவோ முடியாது. என் கடையிலும் அன்றோடு இருப்பைத் திருப்பி அனுப்பினேன். பெயரில்லாத ‘பேன் மருந்து’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது நரம்பைத் தாக்கும் விஷம், மீனோடு நிற்காது.

இனி உங்கள் தொட்டிக்கு வருகிறேன். வெளிர்நீலம், நத்தையும் பாசியும் போகும் என்ற பேச்சு, இறால் முழுதாகச் செத்தது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் மயில்துத்தம். இதே மாதிரி ஒரு பாட்டிலை நானும் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் வாங்கினேன். ஊற்றுவதற்கு முன் மனசு கேட்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் விட்டு, சாதா இரும்பு ஆணியை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்து உள்ளே போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மூழ்கிய வரைக்கும் செம்பு நிறம், புதுச் செப்புக் குடம் மாதிரி. மூழ்காத தலைப்பக்கம் மட்டும் இரும்பாகவே இருந்தது. இரும்பு கரைய, தண்ணீரில் இருந்த செம்பு ஆணி மேல் வந்து படிகிறது. அவ்வளவுதான் வித்தை. அந்தப் பாட்டிலை நான் தொட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. உங்களிடம் மிச்சம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். துத்தநாக முலாம் பூசிய வெள்ளை ஆணி வேண்டாம். ஆணி சிவந்தால் செம்பு உறுதி. சிவக்காவிட்டால் செம்பே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, வேறு பொருளோடு பிணைத்து வைத்த செம்பு அவ்வளவு சுலபமாக ஆணியில் படியாது.

செம்பு என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். கரைசல் 5 சதவீதம் என்று கொள்ளுங்கள், லேபிள் சொல்லாததால் இது என் ஊகம்தான். ஒரு மூடி 5 மில்லியில் 250 மில்லிகிராம் மயில்துத்தம். 60 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராம் சொச்சம். மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்கு செம்பு, ஆக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செம்பு. கடல் மீன் வளர்ப்பவர்கள் நோய்க்குச் செம்பு போடும்போது சோதனைக் கிட்டை வைத்துக்கொண்டு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராமுக்குள் பிடித்து வைப்பார்கள், அதுவும் இறாலும் நத்தையும் இல்லாத தனித் தொட்டியில். உங்கள் தொட்டியில் விழுந்தது அதைப்போல் ஐந்து மடங்கு. இறாலின் ரத்தமே செம்பைக் கொண்டுதான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆனாலும் தண்ணீரில் செம்பு துளி கூடினால் அதன் செவுள் தாங்காது.

அதோடு ஆர்.ஓ. தண்ணீர். குளத்து மீன் வளர்ப்பில் மயில்துத்தத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்ணீரின் காரத்தன்மை எத்தனை பி.பி.எம். என்று பார்த்து நூறால் வகுத்தால் வருவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் போடலாம் என்ற அளவு. காரத்தன்மை 50க்குக் கீழே என்றால் போடவே கூடாது. நம் பாலாற்றங்கரை போர் தண்ணீர் கடினத் தண்ணீர். காரத்தன்மை 200 இருந்தால் 2 மில்லிகிராம் வரை மீன் தாங்கும், ஏனென்றால் அந்த உப்புகள் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீரில் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. செம்பு முழு வேகத்தோடு செவுளுக்குப் போகும். அந்தக் கடைக்காரர் தன் கடைத் தொட்டியில் போர் தண்ணீரில் ஊற்றிப் பார்த்து, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிக் கொடுத்திருக்கலாம். பதிவு செய்த சரக்காக இருந்திருந்தால், இன்ன தண்ணீருக்கு இன்ன அளவு, இறால் உள்ள தொட்டிக்கு ஆகாது என்று துண்டுத்தாளில் எழுத வைத்திருப்பார்கள். ஐம்பது உயிருக்கும் அந்த ஒரு வரிதான் குறை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் மேல் அநியாயமாகப் பழி விழக்கூடாது. அந்த வாரத்தில் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வந்து சம்ப்பில் அபேட் மருந்து ஊற்றினார்களா? அது டெமெஃபாஸ் என்னும் கொசுப்புழு மருந்து. சொன்ன அளவில் மீன் பிழைக்கும், இறாலும் நீர்த்தெள்ளும் பிழைக்காது. சம்ப்புத் தண்ணீர் ஒரு குடம் தொட்டிக்குப் போயிருந்தாலும் போதும். தெருவில் புகை அடித்த நாளில் தொட்டியை மூடாமல் ஏர் பம்பு ஓடியிருந்தாலும் இதே கதிதான். அந்தப் பணியாளர்கள் ஊரைக் காக்க வருகிறவர்கள், அவர்களைத் தடுக்க வேண்டாம். இறாலுக்கான தண்ணீரைத் தனி டிரம்மில் மூடி வையுங்கள்.

புகாருக்கு வருவோம். பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லை என்றால் பணம் அனுப்பிய கைபேசிச் செய்தியே ஆதாரம். பாட்டிலை நாலு பக்கமும் படம் எடுங்கள். மிக எளிதான பிடி பொட்டலப் பொருள் விதி, 2011. தயாரித்தவர் அல்லது அடைத்தவர் பெயர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை, மாதம் வருஷம், புகாருக்கான தொடர்பு, இறக்குமதி என்றால் எந்த நாடு, இவை எல்லாம் இருந்தாக வேண்டும். உங்கள் பாட்டிலில் ஒன்றுகூட இல்லை. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே குற்றம் தெரியும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உள்ளே பூச்சிக்கொல்லி இருக்கிறது என்ற சந்தேகத்தை எழுத்தில் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குக் கொடுங்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ‘மீன் கடையில் விற்றது, ஆனால் நத்தையைக் கொல்ல என்று சொல்லி விற்றார்கள்’ என்ற வாசகம் கண்டிப்பாக இருக்கட்டும். சட்டத்துக்குள் இழுக்கும் கொக்கி அந்த வாசகம். நஷ்டத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் கடைக்காரரிடமே போய் நிதானமாகப் பேசுங்கள் என்பதும் என் யோசனை. அவருக்கும் யாரோ கேனில் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அந்த ஆள் யார் என்பதுதான் முக்கியம்.

இனி உங்கள் தொழில் ஆசை. நேராகச் சொல்கிறேன், வேண்டாம். பாசியைக் கொல்லும் என்று சொல்லி விற்க நினைத்தால், அட்டவணைப் பொருள் என்றால் பதிவும் உற்பத்தி உரிமமும் வேண்டும். இரண்டு பேர் வீட்டு மாடியில் தொடங்கும் காரியத்துக்கு அந்தத் தரவும் செலவும் கட்டுப்படியாகாது. “பாசி என்று எழுதாமல் தண்ணீர் தெளிவாக்கி என்று போட்டு விற்கிறோம் அண்ணா” என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கு வந்த பாட்டிலும் அப்படி யாரோ நினைத்ததன் விளைவுதான்.

நாம் இருக்கும் ஊரை மறந்துவிடாதீர்கள். தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தன் செயலால் சுற்றுப்புறத்துக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்கிறவர் மேல்தான் என்றும் சொன்னது. இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது, நம் ஆற்றைப் பற்றி வந்தது. ஃபரீதாபாத் பதிவு கேட்பதும் அதே பொறுப்பைத்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கிணறுகளின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், உள்ளே என்ன என்று சொல்லாத ஒரு திரவத்தை விற்கக்கூடாது. தொட்டித் தண்ணீரும் சாக்கடை வழியே கடைசியில் அங்கேதான் போகிறது.

தொழில் வேண்டுமென்றால் செடி வளர்த்து விற்கலாம், இறால் பெருக்கி விற்கலாம், நத்தைப் பொறி செய்து விற்கலாம். காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளிடம் இவை எல்லாம் போகும்.

பாசிக்கு என்ன செய்வது என்றும் இரண்டு வார்த்தை. விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள், தாடிப் பாசி பிடித்த இலையைக் கத்தரித்து எறியுங்கள். கல்லில் இருப்பதை வெளியே எடுத்து, மருந்துக் கடை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை பிரஷ்ஷால் தடவி ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவுங்கள், அது தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். எதைச் செய்தாலும் ஒரே நாளில் எல்லாப் பாசியையும் கொல்லாதீர்கள். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், நம் சித்திரை வெயிலில் சூடான தண்ணீரில் முன்பே ஆக்சிஜன் குறைவு. நத்தைக்கு ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டு போட்டு, காலையில் அதோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். இதை இரண்டு வாரம் செய்தால் போதும்.

செம்பு என்று உறுதியானால் இப்போது இருக்கும் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் மறுபடி இறாலுக்குப் பயன்படுத்தாதீர்கள். செம்பு அவற்றில் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்லக் கசியும். தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புதிதாகக் கரி போட்டு, முதலில் ஒரே ஒரு இறாலை விட்டு இரண்டு வாரம் பாருங்கள்.

மிச்சமுள்ள நீலத் திரவத்தை சிங்க்கில் கொட்ட வேண்டாம். பாட்டில் மேல் ‘விஷம், மயில்துத்தமாக இருக்கலாம்’ என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், புகாருக்கும் அதுவே சாட்சி. ஆணியை இன்று ராத்திரியே போட்டு, நாளைக் காலை நிறம் என்ன என்று எனக்கு எழுதுங்கள். சிவக்கவில்லை என்றால் அடுத்து எதைச் சோதிப்பது என்று சொல்கிறேன்.